இராஜகாரியம் முதல் றோபோ வரை: காயமுற்ற சிப்பாயின் உடலும் லக்கலவின் நிலமும்

‘றோபோ’ என்னும் சொல்லை உலக மொழிகளுக்கு வழங்கியவர் பொறியியலாளர் அல்லர், நாடகாசிரியர். செக் எழுத்தாளர் கரேல் சாப்பெக் 1920 ஆம் ஆண்டில் எழுதி, 1921 ஜனவரியில் பிராக் நகரில் மேடையேறிய ‘ஆர். யு. ஆர்.’ என்னும் நாடகத்திலேயே அச்சொல் இன்றைய பொருளில் முதன்முதலாக வழங்கியது. சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அவரது தமையனாரும் ஓவியருமான ஜோசெப் சாப்பெக். செக் மொழியில் ‘றொபொத்தா’ என்பது நிலப்பிரபுவுக்குக் குடியானவன் ஊதியமின்றிச் செய்துகொடுக்க வேண்டிய கட்டாய உழைப்பைக் குறிக்கும் பழஞ்சொல். சோழர் காலக் கல்வெட்டுக்களில் ‘வெட்டி’ எனக் குறிக்கப்படும் உழைப்பு இதனோடு ஒப்பிடத்தக்கது. இன்று ஆய்வுகூடங்களிலும் மருத்துவமனைகளிலும் விஞ்ஞான வளர்ச்சியின் சிகரமெனப் பேசப்படும் ஒரு பொருளின் பெயருக்கடியில் நிலமானிய அமைப்பின் வேர் கிடக்கின்றது.

இலங்கை வாசகருக்கு அவ்வுழைப்பு அந்நியமானதன்று. கண்டி இராச்சியத்தில் நிலத்தை அனுபவித்தோர் அதற்கு ஈடாக அரசனுக்கும் பிரதானிகளுக்கும் ஆற்றிய கட்டாயச் சேவையே இராஜகாரியம். கோல்புறூக்கின் விதப்புரைகளின் பேறாக 1832 ஆம் ஆண்டு அரசாணை அதனை ஒழித்தது. ஆயினும் முன்வாசலால் வெளியேற்றப்பட்டது பின்வாசலால் நுழைய அதிக காலம் செல்லவில்லை. 1848 இல் தேசாதிபதி டொறிங்டனின் ஆட்சி, துப்பாக்கி, நாய், கடை, வண்டி என்பவற்றின் மீது விதித்த வரிகளோடு வீதிச் சட்டமொன்றையும் கொண்டுவந்தது. பதினெட்டுக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடைப்பட்ட ஆண்கள் யாவரும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதிகளில் வேலை செய்ய வேண்டும், அன்றேல் மூன்று ஷில்லிங் செலுத்த வேண்டும் என்பது அதன் சாரம். கோப்பித் தோட்டங்களுக்கு வேண்டிய வீதிகளைக் கிராமத்தவனின் தோளில் ஏற்றிய இச்சட்டத்துக்கு எதிராக அவ்வாண்டு ஜூலை மாதத்தில் மாத்தளைப் பிரதேசம் கிளர்ந்தெழுந்தது. கொங்காலேகொட பண்டா தம்புள்ளையில் அரசனெனப் பிரகடனஞ் செய்யப்பட்டதும், புரன் அப்பு ஆகஸ்ட் 8 ஆந் திகதி கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டதும் பாடநூல்கள் சொல்லும் செய்திகள். அவை சொல்லாத ஒன்றும் உண்டு. மாத்தளையின் குடியானவர் கட்டாய வீதிவேலைக்கு எதிராக எழுந்த அதே 1848 இல், செப்டெம்பர் மாதத்தில், ஹப்ஸ்பேர்க் பேரரசு தன் ஆட்சிக்குட்பட்ட செக் நிலங்களில் ‘றொபொத்தா’வைச் சட்டத்தால் ஒழித்தது.

இதனைத் தற்செயலான பொருத்தமென்று கொள்வோரும் கொள்க. காயமுற்ற படைவீரரின் சிகிச்சையிலும் புனர்வாழ்விலும் றோபோக்களும் இயந்திர உறுப்புக்களும் பெறும் இடத்தை ஆராயப் புகும் எமக்கு, இப்பொருத்தம் ஒரு வினாவைத் தருகின்றது. போரில் கையையோ காலையோ இழந்தவனுக்கு அரசு இயந்திர உறுப்பொன்றை அளிக்கும்போது அவனிடமிருந்து அது எதை எதிர்பார்க்கின்றது? யாருடைய உழைப்பை எந்த நிலத்தில் மீட்டெடுக்க அவ்வுறுப்பு ஆக்கப்படுகின்றது? மாத்தளை மாவட்டத்தின் கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவுகளில் அமைந்த லக்கல இவ்வினாவை எழுப்பிப் பார்ப்பதற்குத் தக்க இடமென நாம் கருதுகின்றோம். படிப்படியாக இறங்கும் நெல்வயல்கள், காடு வெட்டிச் செய்யப்பட்ட சேனைப் பயிர், ஓடைகளைக் கடந்து செல்லும் ஒற்றையடிப் பாதைகள் என்பன இப்பிரதேசத்தின் மரபுவழி வாழ்க்கையின் அடிப்படைகள். ஒரு மனிதனின் கால் எதற்காக வேண்டியதாகின்றது என்பதை இத்தகைய நிலமே தெளிவாகச் சொல்லும்.

காயமுற்ற வீரனைப் பற்றித் தமிழிலக்கியம் மிகப் பழங்காலத்திலிருந்தே பேசி வந்துள்ளது. சங்கப் பாடல்களை வீரயுகத்தின் வெளிப்பாடாகக் கொண்டு ஆராய்ந்தோர், வெட்டுண்டு வீழ்ந்தவனையே பெரிதும் நோக்கினர். வெட்டுண்டு பிழைத்தவனை அத்துணை நோக்கினரல்லர். ஆனால் புறநானூற்றின் 281 ஆம் பாடலில், அரிசில் கிழார், புண்பட்டுக் கிடக்கும் வீரனின் இல்லத்தை நமக்குக் காட்டுகின்றார். வாயிலில் வேப்பிலை செருகப்படுகின்றது, வெண்சிறுகடுகு தூவப்படுகின்றது, யாழும் குழலும் மணியும் ஒலிக்கின்றன, காஞ்சிப்பண் பாடப்படுகின்றது, நறும்புகை எழுகின்றது. இதைப் பேயோட்டும் சடங்கெனக் கொண்டு கடந்துவிடலாம். ஆனால் அச்சடங்கினுள் இருப்பது இரவு முழுவதும் ஒருவனின் அருகிலிருந்து அவனைக் காக்கும் பெண்களின் உழைப்பு என்பது மனங்கொள்ளத்தக்கது. பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில் பரணர், புண்ணைத் தைக்கும் நெடிய வெள்ளூசி, குளத்தில் மூழ்கி எழும் சிச்சிலிப் பறவை போலக் குருதியில் மூழ்கி எழுவதைச் சொல்கின்றார். தைத்தவர் எவரென்று சொல்லவில்லை. நெடுநல்வாடையில், கூதிர்க்கால நள்ளிரவில், விளக்கொளியில் பாசறையில் நடந்து புண்பட்டோரைக் காணும் அரசனை நக்கீரர் காட்டுகின்றார். காண்பவன் பாட்டுடைத் தலைவன், காணப்படுவோருக்குப் பெயரில்லை.

செயற்கை உறுப்பு என வரும்போது இவ்வேறுபாடு மேலும் துலக்கமாகின்றது. வடமொழி மரபில், இருக்கு வேதம், போரில் காலிழந்த விஷ்பலாவுக்கு அசுவினி தேவர்கள் இரும்புக்கால் அளித்ததாகக் கூறும். தமிழ் மரபில் செயற்கைக் கை பெற்றவனாக நாம் அறிபவன் பொற்கைப் பாண்டியன். சிலப்பதிகாரத்துக் கட்டுரை காதை அவன் கதையைக் குறிப்பிடுகின்றது. அவன் கையை இழந்தது போரிலன்று. கீரந்தையின் மனைவி தொடர்பான தன் தவற்றுக்குத் தானே விதித்த தண்டனையால். அரசனுக்குப் பொற்கை வாய்த்தது. போரில் வீழ்ந்த மறவனுக்கு நடுகல் வாய்த்தது. போரில் வீழாது, கையையோ காலையோ இழந்து ஊர் திரும்பிய மறவனுக்குப் பொன்னும் இல்லை, கல்லும் இல்லை. நடுகல் நட்டுப் பூப்பலி செய்த சமுதாயம் உயிரோடிருந்தவனுக்கு என்ன செய்தது என்பதை எம் இலக்கியங்கள் மிகக் குறைவாகவே கூறுகின்றன. பிற்கால அரசுகளின் வெற்றித் தூபிகளைக் காணும்போதெல்லாம் இந்த அமைதி எமக்கு நினைவுக்கு வருவதுண்டு.

உறுப்பிழந்த சாதாரணச் சிப்பாய் அரசின் கவனத்துக்குரியவனானது கைத்தொழில் முதலாளித்துவத்தின் எழுச்சியோடுதான். இது கருணையின் வளர்ச்சியால் மட்டும் நேர்ந்ததன்று. முதலாம் உலகப் போரில் பீரங்கி பறித்த கைகால்களின் தொகை, அதற்கு முன் எந்தச் சமுதாயமும் கண்டிராதது. அதேவேளை, தொழிற்சாலைகளில் ஆட்பற்றாக்குறை. ஜேர்மனியில் இவ்விரண்டும் ஒரே புள்ளியிற் சந்தித்தன. சேர்லொட்டன்பேர்க் தொழில்நுட்ப உயர்கல்லூரியின் பேராசிரியரும், தொழிற்சாலை வேலையை நேரங்கணித்துக் கூறுபோடும் டெய்லரின் முறையில் ஈடுபாடு கொண்டவருமான கியோர்க் சிலேசிங்கர், செயற்கை உறுப்புக்களைச் சோதித்துத் தரப்படுத்தும் நிலையத்துக்குத் தலைமை தாங்கினார். அவர் மருத்துவரல்லர், கடைசல் இயந்திரங்களையும் துளைபோடும் இயந்திரங்களையும் பற்றிய வல்லுநர். கடைசற் பட்டறையில் கருவியைப் பற்றும் பிடி எவ்வாறு தரப்படுத்தப்படுகின்றதோ, அவ்வாறே மனிதத் தோளிற் பொருத்தும் பிடியும் தரப்படுத்தப்பட்டது.

இக்காலத்தில் உருவான ‘தொழிற்கை’ எமது விவாதத்துக்கு மிக முக்கியமானது. அதற்கு விரல்களில்லை, மனிதக் கையின் தோற்றமும் இல்லை. முழங்கைக்குக் கீழே ஒரு பிடி. அதில் சுத்தியலையோ அரத்தையோ கைப்பிடி வளையத்தையோ மாட்டலாம். கண்ணுக்குக் கைபோலத் தோன்றும் மற்றொன்று ஞாயிற்றுக்கிழமை அணிவதற்கென வைக்கப்பட்டது. ஒரே உடலுக்கு இரண்டு கைகள்: ஆறு நாள் தொழிற்சாலைக்கு ஒன்று, ஏழாம் நாள் மனிதனாகத் தோன்றுவதற்கு ஒன்று. தொழிலாளி இயந்திரத்தின் உயிருள்ள பின்னிணைப்பாக மாற்றப்படுகின்றான் என்று ‘மூலதன’த்தில் மார்க்ஸ் விளக்கியதை உவமையென்று எண்ணியிருந்தோர், அது சொல்லுக்குச் சொல் நிறைவேறியதை இங்கே காணலாம். அதே ஆண்டுகளில், சத்திரசிகிச்சை நிபுணர் ஃபேர்டினன்ட் சவர்புறூக், எஞ்சிய தசையில் துவாரமமைத்து, அத்தசையின் இயக்கத்தாலேயே செயற்கை விரல்களை அசைக்கும் வழியைச் சூரிச் நகரப் பொறியியலாளர் அவுறல் ஸ்டொடோலாவின் துணையோடு தேடினார். ஒன்று உடலைக் கருவிக்கு ஏற்றது. மற்றது கருவியை உடலுக்குக் கீழ்ப்படுத்த முயன்றது. இன்றைய றோபோக் கைகளின் வரலாறு முழுவதும் இவ்விரு போக்குகளுக்கிடையிலான இழுபறியே எனலாம். போர் முடிந்த 1919 ஆம் ஆண்டிலேயே ஒட்டோ பொக் நிறுவனம் பேர்லினில் தோன்றிற்று. உறுப்புக்களைத் தனித்தனியாகச் செதுக்குவதை விடுத்து, பகுதிகளாகப் பெருந்தொகையாக உற்பத்தி செய்யும் முறை அதனோடு வளர்ந்தது. சிப்பாய் இழந்த கால் சந்தைக்குரிய பண்டமாயிற்று. இந்நிறுவனமே 1997 இல், நடையின் வேகத்தையும் சாய்வையும் உணர்ந்து தன்னைத் தானே சீர்செய்யும் நுண்செயலி பொருத்திய முழங்காலை வெளியிட்டது.

சோசலிச நாடுகளின் அனுபவம் வேறுபட்டதா என்று கேட்பது நியாயமே. தசையில் எழும் மின்சமிக்ஞைகளாற் கட்டுப்படுத்தப்படும் கையை நடைமுறைக்குரிய நிலைக்குக் கொண்டுவந்தோரில் முதன்மையானவர்கள் சோவியத் அறிஞர்கள். 1950களின் பிற்பகுதியில் அலெக்சாண்டர் கொப்றின்ஸ்கியும் அவரது சகாக்களும் ஆக்கிய கையின் உரிமத்தைப் பிரித்தானியாவும் கனடாவும் பெற்றுக்கொண்டன. இது பெருமைக்குரியதே. ஆயினும் அதே சோவியத் ஒன்றியம் உறுப்பிழந்தோரை மூன்று பிரிவுகளாக வகுத்தபோது, அவர்களிடம் எஞ்சியிருந்த வேலைத்திறனையே அளவுகோலாகக் கொண்டது. இரண்டாம் உலகப் போரில் அங்கங்களை இழந்து மீண்டோரும் அவ்வளவுகோலாலேயே அளக்கப்பட்டனர். உழைப்பைப் போற்றும் சமுதாயத்தில் உழைக்க இயலாதவனின் இடம் யாது என்ற வினாவை மார்க்சியர்கள் பிறருக்கு விட்டுவிடலாகாது.

ஐக்கிய அமெரிக்காவில் இத்துறை வியட்நாம் போருக்குப் பின்னரும், அதனிலும் மேலாக ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களின் போதும் பெருமுதலீட்டைப் பெற்றது. பாதுகாப்புத் திணைக்களத்தின் உயர் ஆய்வு முகவரகமான டார்ப்பா 2006 இல் செயற்கைக் கைகளுக்கான பெருந்திட்டத்தைத் தொடங்கிற்று. அதன் பேறாக டீன் கேமனின் நிறுவனம் ஆக்கிய கை 2014 மே மாதத்தில் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகத்தின் அனுமதியைப் பெற்றது. திரைப்பட நாயகன் ஒருவனின் பெயரால் அது ‘லூக்’ எனப்படுகின்றது. பொற்கைப் பாண்டியனைப் போலவே இங்கும் புகழ் கையுடையவனுக்கு, சிப்பாய்க்கன்று. அதே ஆண்டு ஜூன் மாதத்தில், முள்ளந்தண்டு சிதைந்தோரை எழுந்து நடக்கச் செய்யும் ‘றீவோக்’ என்னும் புறச்சட்டகத்துக்கும் அனுமதி கிடைத்தது. இதனை ஆக்கிய இஸ்ரேலியப் பொறியியலாளர் அமித் கோஃபர், தாமே விபத்தொன்றில் கைகால்களின் இயக்கத்தை இழந்தவர். 2015 டிசெம்பரில் அமெரிக்க முன்னாள் படைவீரர் திணைக்களம் தகுதியுடையோருக்கு அதனை வழங்கத் தீர்மானித்தது. நடக்கவே இயலாதென்று கூறப்பட்ட ஒருவன் எழுந்து நின்று எதிரிலிருப்பவரின் கண்ணுக்கு நேரே பேசுவது சிறிய செய்தியன்று. இதனை ஏளனஞ் செய்வது முற்போக்காகாது. ஆனால் அக்கருவியை அணிபவனுக்கு ஊன்றுகோல்கள் வேண்டும், பயிற்சி பெற்ற துணையாளர் வேண்டும், காலடியில் ஒழுங்கான தரை வேண்டும் என்பவற்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இவையெல்லாவற்றிலும் எம் கவனத்தை மிகவும் ஈர்ப்பது, விளம்பரமேதும் பெறாத ஓர் ஆய்வு. பாரிசவாதத்தால் கை செயலிழந்து ஆறு மாதங்களுக்கு மேலான 127 பேரைக் கொண்டு, அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவ நிலையங்கள் நான்கில் நடத்தப்பட்ட அவ்வாய்வின் முடிவுகள் 2010 இல் ‘நியூ இங்கிலண்ட்’ மருத்துவ சஞ்சிகையில் வெளியாயின. ஒரு பகுதியினருக்கு, மசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் உருவான றோபோ, செயலிழந்த கையைப் பிடித்துப் பன்னிரண்டு வாரங்கள் திரும்பத் திரும்ப அசைத்துப் பயிற்சியளித்தது. இன்னொரு பகுதியினருக்கு அதே அளவு, அதே தீவிரத்தோடு, மனிதர்களான இயன்மருத்துவர்கள் பயிற்சியளித்தனர். மூன்றாம் பகுதியினர் வழமையான கவனிப்பையே பெற்றனர். பன்னிரண்டு வார முடிவில் றோபோவின் பயிற்சி வழமையான கவனிப்பை விடக் குறிப்பிடத்தக்க அளவு மேம்பட்டிருக்கவில்லை; முப்பத்தாறு வார முடிவில் மேம்பட்டிருந்தது. ஆனால் தீவிரப் பயிற்சியளித்த மனிதர்களை அது மிஞ்சவில்லை. நோயாளியைக் குணப்படுத்தியது உலோகக் கையின் மாயமன்று. ஆயிரக்கணக்கான முறை சலிப்பின்றி ஒருவனின் கையைப் பிடித்து அசைப்பதற்குச் செலவிடப்பட்ட உழைப்பு. அவ்வுழைப்புக்கு மனிதரை அமர்த்திச் சம்பளம் கொடுக்க ஒரு சமுதாயம் முன்வரின் மனிதரும் அதே பயனைத் தருவர். முன்வராதவிடத்து றோபோ ‘றொபொத்தா’ செய்கின்றது. அரிசில் கிழார் காட்டிய இல்லத்தில் விழித்திருந்த பெண்கள் செய்ததும் ஒருவகையில் இதுவே; அவர்களுக்கும் கூலியில்லை.

மேலைநாட்டுத் தொழிற்சாலைத் தரையிலிருந்து எமது வயல்வரப்புக்கு வருவோம். இந்தியாவில், ஜெய்ப்பூரின் சவாய் மான்சிங் மருத்துவமனையில், 1960களின் பிற்பகுதியில் உருவான ‘ஜெய்ப்பூர்க் கால்’ பற்றி வாசகர் அறிந்திருப்பர். மேலைநாட்டுச் செயற்கைக் கால் சப்பாத்து அணிவதற்கும் நாற்காலியில் அமர்வதற்கும் ஆக்கப்பட்டது. அதனைப் பெற்ற குடியானவன் வீட்டுக்கு வந்ததும் கழற்றி மூலையில் வைத்தான். அதனோடு சப்பணமிட்டிருக்கவோ, குந்தியிருக்கவோ, சேற்று வயலில் இறங்கவோ இயலவில்லை. இறப்பரையும் மரத்தையும் கொண்டு, வெறுங்காலைப் போன்ற தோற்றத்துடன், எப்பக்கமும் வளையக்கூடிய பாதமொன்றை உருவாக்கியவர் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞர். உயர்கல்வி பெறாதவர். அவரோடு உழைத்தவர் என்புமுறிவுச் சத்திரசிகிச்சை நிபுணர் பி. கே. சேத்தி. 1981 ஆம் ஆண்டின் மக்சேசே விருது சேத்திக்குக் கிடைத்தது. சேத்தியின் ஆற்றலை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் மூளையுழைப்புக்கும் கையுழைப்புக்கும் இடையே சமுதாயம் வகுத்திருக்கும் பிரிவினை, கால் செய்யும் பட்டறையிலும் தன் வேலையைச் செய்தது என்பதைக் குறிக்காமல் விடவியலாது.

இலங்கையின் உள்நாட்டுப் போர் இத்தொழில்நுட்பத்தை இரு பக்கங்களிலும் வேண்டியதாக்கிற்று. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் வலுவிழந்தோர் புனர்வாழ்வு நிலையம் 1987 முதல் இயங்கி வருகின்றது. வன்னியில், போர்க்காலத்தில், வெண்புறா நிறுவனம் மிதிவெடியில் காலிழந்த பொதுமக்களுக்கும் போராளிகளுக்கும் செயற்கைக் கால்களை ஆக்கிக் கொடுத்தது. தெற்கில் இராணுவத்தினருக்கென றாகமையில் ‘றணவிரு செவண’ அமைந்தது. 1999 ஆம் ஆண்டின் சட்டத்தால் றணவிரு சேவா அதிகாரசபை நிறுவப்பட்டது. போர் முடிந்த பின்னர், வாழ்நாள் முழுவதும் பராமரிப்பு வேண்டிய சிப்பாய்களுக்கென 2011 இல் அநுராதபுரத்தில் முதலாவது ‘அபிமன்சல’ இல்லம் திறக்கப்பட்டது. 2006 ஆகஸ்ட் முதல் போரின் முடிவு வரை இராணுவத் தரப்பில் 6,261 பேர் இறந்தனர், 29,551 பேர் காயமுற்றனர் என 2009 மே மாதத்தில் அன்றைய பாதுகாப்புச் செயலாளர் அறிவித்தார். இறந்தோர் தொகையைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு காயமுற்றோர் தொகை. மறுதரப்பிலும் பொதுமக்களிடத்தும் இவ்வாறு எண்ணிச் சொல்வோர் இருக்கவில்லை.

இந்நாட்டிலும் றோபோ ஆய்வு இல்லாமலில்லை. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் இயந்திரப் பொறியியற் பேராசிரியர் றுவன் கோபுர, முன்னர் யப்பானின் சாகா பல்கலைக்கழகத்தில் கசுவோ கிகுச்சியோடு இணைந்து, தோள் முதல் மணிக்கட்டு வரை ஏழு வகை அசைவுகளுக்குத் துணைபுரியும் புறச்சட்டகமொன்றை ஆக்கியவர். 2009 இல் வெளியான அவ்வாய்வு தசைமின் சமிக்ஞைகளை அடிப்படையாகக் கொண்டது. மொறட்டுவையில் அவரது குழுவினர் செயற்கைக் கைகால்கள் பற்றிய ஆய்வைத் தொடர்ந்துள்ளனர். அறிவு இங்கு உண்டு என்பதே இதனால் பெறப்படுவது. அவ்வறிவு ஆய்வுகூடத்தின் மேசையிலிருந்து லக்கலவின் வரப்புக்கு இறங்க வேண்டுமாயின் இடையே ஒரு உற்பத்தி முறை வேண்டும்; அதுவே இல்லை.

படையிற் சேர்ந்தோர் எவர் என்பதை இங்கு நினைவூட்டுவது அவசியம். சாதாரண நிலைச் சிப்பாய்களிற் பெரும்பாலோர் சிங்களக் கிராமப்புறத்தின் வறிய குடும்பங்களின் பிள்ளைகள். நிலம் துண்டாடப்பட்டு, வேளாண்மை குடும்பத்தைத் தாங்காத நிலையில், மாதச் சம்பளம் தரும் தொழிலாகவே படை அவர்களுக்கு வாய்த்தது. பிரசன்ன விதானகேயின் ‘புறஹந்த களுவற’ என்ற 1997 ஆம் ஆண்டுத் திரைப்படம் இதனை எத்தனையோ ஆய்வுகளை விடத் தெளிவாகக் காட்டிற்று. முத்திரையிட்ட பெட்டியில் மகன் வந்துசேர்ந்த வரண்ட பிரதேசக் கிராமமொன்றின் பார்வையற்ற தந்தை, நட்டஈட்டுப் பத்திரத்திற் கையெழுத்திட மறுப்பதே அதன் கதை. அது 2000 ஆம் ஆண்டில் தடுக்கப்பட்டு, பின்னர் உயர் நீதிமன்றத் தீர்ப்பினாலேயே மக்களைச் சென்றடைந்தது. அசோக ஹந்தகமவின் ‘இனி அவன்’ 2012 இல் வெளிவந்தது. போர் முடிந்து யாழ்ப்பாணத்துக் கிராமத்துக்குத் திரும்பும் முன்னாள் தமிழ்ப் போராளி ஒருவனின் கதை அது. இரண்டையும் எடுத்தவர்கள் சிங்களக் கலைஞர்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்போர், வரண்ட பிரதேசத்துத் தந்தையும் யாழ்ப்பாணத்துப் போராளியும் ஒரே வறுமையின் இரு கரைகளில் நிற்பதைக் காண்பர்.

அரசு வீரரெனப் போற்றியவனுக்கு என்ன வாய்த்தது? பன்னிரண்டு ஆண்டு சேவையைப் பூர்த்தி செய்யுமுன் காயமுற்று விலக நேர்ந்த சிப்பாய்கள் தமக்கும் ஓய்வூதியம் வேண்டுமெனக் கோரி 2016 இல் கொழும்பில் சத்தியாக்கிரகம் இருந்தனர். அவ்வாண்டு நவம்பரில், ஜனாதிபதி செயலகத்தை நோக்கிச் சென்ற அவர்களைப் பொலிசார் தண்ணீர் பீய்ச்சிக் கலைத்தனர். செயற்கைக் காலும் ஊன்றுகோலும் கொண்டு நின்றவர்கள் அவர்கள். வெற்றி விழாக்களிற் சக்கர நாற்காலியில் முன்வரிசையில் இருத்தப்பட்ட உடல்தான் இதுவும். ஜேர்மனியத் தொழிலாளிக்கு ஞாயிற்றுக்கிழமைக் கை தனியே இருந்தது. இங்கே உடல் முழுவதுமே ஞாயிற்றுக்கிழமைக்கென வைக்கப்பட்டது.

மறுதரப்பினர்க்கு அச்சொற்ப மதிப்பும் இல்லை. ‘புனர்வாழ்வு’ என்னும் சொல் எம் கவனத்துக்குரியது. சிப்பாய்க்கு அது சிகிச்சையையும் செயற்கை உறுப்பையும் தொழிற்பயிற்சியையும் குறித்தது. 2009 இன் பின் சரணடைந்த அல்லது கைதான ஏறத்தாழ 12,000 முன்னாள் விடுதலைப் புலி உறுப்பினர்க்கு அதே சொல் தடுப்பு முகாமைக் குறித்தது. அங்கும் பயிற்சிகள் அளிக்கப்பட்டன என்பது உண்மை. ஆயினும் நீதிமன்றத் தீர்ப்பின்றி அடைத்து வைப்பதற்கு மருத்துவத்திலிருந்து ஒரு சொல் இரவல் வாங்கப்பட்டது. வெளியே வந்தோரில் உறுப்பிழந்தோருக்கு ஓய்வூதியம் என்ற பேச்சே எழவில்லை. கால் தேய்ந்தால் அவர்கள் செல்வது தொண்டு நிறுவனங்களின் பட்டறைக்கே. ஒரே வகை மிதிவெடியாற் சிதைந்த இரு கால்கள், ஒரே வகை இறப்பர்ப் பாதத்தை வேண்டி நிற்கின்றன. அவற்றுக்கிடையே அரசு கண்ட வேறுபாட்டை எந்த மருத்துவ நூலும் சொல்லாது.

செயற்கைக் கால் ஒருமுறை கொடுத்து முடிந்துவிடும் பொருளன்று. எஞ்சிய மூட்டின் தசை காலப்போக்கில் வற்றுகின்றது; உடல் எடை மாறுகின்றது; குழி பொருந்தாமற் புண்ணுண்டாகின்றது. சில ஆண்டுகளுக்கொருமுறை புதிய குழி வார்க்கப்பட வேண்டும். பாதம் மாற்றப்பட வேண்டும். 1990களில் இருபது வயதிற் காலிழந்தவர் இன்று ஐம்பதைக் கடந்தவர் அல்லது நெருங்குபவர். நீரிழிவும் பாரிசவாதமும் வரும் வயது அது. அமெரிக்க ஆய்வில் றோபோ பிடித்து அசைத்த கையைப் போன்ற கைகள் இனி லக்கலவிலும் தோன்றும். அவற்றைப் பிடித்து அசைக்க வேண்டியவர் இயன்மருத்துவர். அவரைத் தேடிப் பஸ்சில் மலையைச் சுற்றிப் பெருநகர மருத்துவமனைக்குச் செல்பவர், பயிற்சியாற் பெற்றதை வழியிலேயே களைப்பாக இழப்பார்.

லக்கலவில் நிலமும் மாறிவிட்டது. மொறகஹகந்த – களுகங்கைத் திட்டத்தின் கீழ்க் கட்டப்பட்ட களுகங்கை நீர்த்தேக்கத்தில் 2018 இல் நீர் நிரப்பப்பட்டபோது பல்லேகமவின் பழைய நகரம் நீரடியிற் சென்றது. நாட்டின் முதலாவது பசுமை நகரமென்ற பெயரோடு புதிய லக்கல நகரம் மேட்டில் எழுந்தது. புதிய நகரின் வீதிகள் அகலமானவை, தரை சீரானது. சக்கர நாற்காலிக்கும், ஏன், இயந்திரப் புறச்சட்டகத்துக்குங்கூட அது ஓரளவு ஏற்ற தரையே. ஆனால் குடியானவனின் வேலை வீதியிலன்று. புதிய காணிகளிலும் நெல் விளைய வேண்டுமாயின் சேற்றில் இறங்க வேண்டும், வரப்பில் ஏற வேண்டும், யானைக் காவலுக்கு இரவில் காவற்கொட்டிலுக்கு ஏணியில் ஏற வேண்டும். இவற்றைச் செய்யவல்ல காலுக்கு மின்கலமும் நுண்செயலியும் உதவுமாயின் அவை வரட்டும்; நாம் அவற்றுக்குப் பகைவரல்லர். ஆனால் அதனை ஆக்குவோர் முதலில் அளக்க வேண்டியவை இவ்வரப்பின் உயரமும் இச்சேற்றின் ஆழமுமாகும். ராம் சந்திர சர்மா தம் இறப்பர்ப் பாதத்தை வார்ப்பதற்கு முன் செய்தது அதுவே. அத்தகைய அளவெடுப்புக்கு வேண்டியவை ஒரு பட்டறை, பயிற்சி பெற்ற இரண்டொரு கைவினைஞர், மாதந்தோறும் சம்பளம் பெறும் ஓர் இயன்மருத்துவர். மாத்தளையிலும் வேண்டும், கிளிநொச்சியிலும் வேண்டும்.